முதுகில் ஒரு பை, பின்னால் ஒரு குடும்பம்

வெள்ளைக்காரர் ஒருவர் பஸ் புட்போர்ட்டில் தொங்கிக்கொண்டு போனால் அது அனுபவம். நான் தொங்கிக்கொண்டு போனால், சம்பளத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது என்று அர்த்தம். அவர் ஒரே சட்டையை நாலு நாளைக்குப் போட்டால் எளிமை. நான் இரண்டாம் நாள் அதே சட்டையை எடுத்தால் வீட்டில் விசாரணைக் கமிஷன். பதுளையில் பிறந்து, பதுளையில் லிகிதர் வேலை பார்த்து, பதுளையிலேயே முடியும் கொட்டிப்போன எனக்கு இந்த ஓரவஞ்சனை வெகுகாலமாக உறுத்திக்கொண்டிருந்தது. முதுகில் பையை மாட்டி, கிடைத்த வண்டியில் ஏறி, கிடைத்ததைத் தின்று, குறைந்த காசில் நாடு சுற்றுவதுதான் பெக்பேக்கிங் என்றால், 2022-இல் இந்தத் தீவின் இரண்டு கோடிச் சொச்சம் சனமும் அதைத்தான் செய்தது. பெற்றோலுக்கு ஒரு வரிசை, கேஸுக்கு ஒரு வரிசை, முதுகில் சிலிண்டர். எங்களை யாரும் வீடியோ எடுத்துப் பின்னால் இசை போடவில்லை.

லோன்லி பிளானட் என்ற பயண வழிகாட்டிக்காரர்கள், 2019-இல் போய்ப் பார்க்கவேண்டிய நாடுகளில் இலங்கைக்கு முதல் இடம் கொடுத்தார்கள். பத்திரிகையில் அதை வாசித்துக் காட்டியபோது என் மனைவி, "அவங்களுக்கு எப்புடித் தெரியும்? நமக்கே ஒன்னும் தெரியாதே" என்று கேட்டாள். அந்தக் கேள்வி சில வருடம் வீட்டு மூலையில் சும்மா கிடந்தது. பிறகொரு நாள் மகள் போனை நீட்டினாள். தாடி முளைத்தும் முளைக்காத ஒரு வெளிநாட்டுப் பையன், எங்கள் வீட்டுக் குசினி ஜன்னலில் தெரிகிற நமுனுகுலை மலையைக் கைநீட்டிக் காட்டி, யாரும் அறியாத இடம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். 2,036 மீட்டர் மலை அது. மறைத்து வைக்கக்கூடிய சாமானும் அல்ல. என் அப்பாவின் பரம்பரை முழுக்க அதன் சரிவில்தான் மண் வெட்டியது.

"ஏங்க, அந்தப் புள்ள கடல் தாண்டி வந்து பாத்துட்டுப் போயிட்டான். நீங்க ஜன்னலத் தொறந்து பாத்திருக்கீங்களா?"

நான் அந்த ஜன்னலைத் திறந்ததில்லை. அதன் கொண்டி துருப்பிடித்திருக்கிறது என்ற உண்மையைச் சொன்னால் வேறு வேலை வரும் என்பதால், "ஆகஸ்ட் லீவுல போவோம், பஸ்ஸுலயும் ரயில்லயும்தான், அவங்க போற மாதிரியே" என்று சொல்லித் தப்பித்தேன். தப்பித்ததாக நினைத்தேன்.

பை, மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. இடுப்பில் ஒரு வார், நெஞ்சில் ஒரு வார், எதற்கென்று தெரியாத பதினாறு நாடாக்கள். வெள்ளைக்காரர் இதற்குள் இரண்டு சட்டையும் ஒரு புத்தகமும் வைக்கிறாராம். என் மனைவி வைத்தவை: ஆளுக்கு நாலு உடுப்பு, கம்பளிப் போர்வை, சுடுதண்ணீர் பிளாஸ்க், சித்தாலேப, குடை மூன்று, தேங்காய் ரொட்டி ஒரு கட்டு, கட்டச்சம்பல் ஒரு போத்தல், யார் வீட்டுக்காவது போக நேர்ந்தால் கொடுப்பதற்கு பிஸ்கட் பெட்டிகள். "யார் வீட்டுக்கும் போகப் போறதில்ல" என்றேன். அதற்குப் பதிலாக இன்னொரு பிஸ்கட் பெட்டி வைக்கப்பட்டது. எல்லாம் முடிந்து பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். எழுந்தது மனசு மட்டும்தான். என்னை மகனும் மகளுமாகத் தூக்கிவிட்டார்கள்.

பதுளை ரயில் நிலையம் பாதையின் கடைசி. கொழும்புக் கோட்டையிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர் ஏறி, பட்டிப்பொலைக்கு அருகே 1,898 மீட்டரைத் தொட்டு, திரும்ப இறங்கி, இங்கே வந்து தண்டவாளம் முடிகிறது. பண்டாரவளைக்கு ரயில் வந்தது 1894-இல். அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924-இல். இடைத்தூரம் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். வருடத்துக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் ரயில் எங்களை நோக்கி நகர்ந்திருக்கிறது. அரசாங்கக் கோப்பு மேசைவிட்டு மேசை நகரவில்லை என்று என்னிடம் வந்து கத்துகிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வது. அவர்கள் இன்னும் கத்துவார்கள்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இடம் கிடைத்தது. கதவுகள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கதவிலும் வெளிநாட்டு இளைஞர் ஒருவர் உட்கார்ந்து காலை வெளியே தொங்கவிட்டிருந்தார். ஹாலிஎலையில் ஒருவர் எழுந்தார். நான் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்து, தலையை வெளியே நீட்டி, காற்றில் முடி பறக்க, அதாவது பறப்பதற்கு மீதி இருந்தது பறக்க, சாய்ந்து நின்றேன். மனைவி பின்னாலிருந்து என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்பா அருமையாகப் போஸ் கொடுத்ததாக மகள் எடுத்த படத்தில், என் இடுப்பில் வளையல் போட்ட ஒரு கை தெளிவாக விழுந்திருக்கிறது. சுரங்கம் வந்தபோது அந்தக் கை என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டது. பிறகு கதவு திரும்பக் கிடைக்கவில்லை.

எதிர் சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். கண்டியில் ஏறி, எல்லவில் இறங்க வேண்டியவள், தூங்கிப்போய்ப் பதுளைவரை வந்துவிட்டு இப்போது திரும்பிப் போகிறாளாம். பதுளை எப்படியிருந்தது என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். "ரயில் முடிகிற இடம்தானே, பார்க்க ஒன்றுமில்லை என்று சொன்னார்கள்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கச்சேரிக்குப் போகும் வழியில் தினமும் கடந்துபோய், ஒரு நாளும் திரும்பிப் பார்க்காத எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினேன். 64 மீட்டர் விழும் துன்ஹிந்த அருவி. பௌத்தர்களின் பதினாறு புனிதத் தலங்களில் ஒன்றான முத்தியங்கனை விகாரை. 1857-இல் கட்டிய சென் மார்க்ஸ் தேவாலயம். அது ஒரு மேஜரின் நினைவாகக் கட்டியது. மேஜர் ரோஜர்ஸ் என்ற அந்தப் பிரபு 1,400-க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர். 1845-இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். இந்தக் கடைசிச் சமாசாரத்தை மகள் மொழிபெயர்த்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. அவளுக்கு யானை மேல் பிரியமாம். இடிக்குத் தன் நன்றியைச் சொல்லச் சொன்னாள்.

இந்தப் பாதையில் இன்னும் டெப்லட் என்னும் பழைய முறை ஓடுகிறது. நிலையத்துக்கு நிலையம் ஒரு பெரிய வளையத்தில் கோத்த தகட்டை வாங்கினால்தான் சாரதி அடுத்த நிலையத்துக்குப் போகலாம். தகடு ஒருவரிடம் இருக்கும்போது அந்தத் துண்டுப் பாதையில் வேறு வண்டி வராது. மனைவி இதைக் கேட்டு, "நம்ம வீட்டு பாத்ரூமுக்கு இப்புடி ஒன்னு செஞ்சா நல்லது" என்றாள். ரயில் தெமோதரையை நெருங்கியது. பதுளையிலிருந்து ஏறுகிற ரயில் முதலில் தெமோதரை நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து, வெளியே வந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி ஏறி, சற்று முன் தலைக்கு மேலிருந்த அதே நிலையத்தில் வந்து நிற்கும். சரிவு கூடிய இடத்தில் பாதையை எப்படி ஏற்றுவதென்று பொறியியலாளர்கள் திண்டாடியபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றுவதைப் பார்த்து, அவர்களில் ஒருவரான விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை உதித்ததாக ஒரு கதை. ஆதாரம் கேட்காதீர்கள். எங்கள் ஆள் ஒருவன் தலை அந்த வரலாற்றில் நுழைய இருக்கிற ஒரே துவாரம் அது. நான் அதை அடைக்க மாட்டேன். உரத்த குரலில் அதையும் சொன்னேன். அந்தப் பெண் யோசித்துவிட்டு, "அந்தக் கங்காணிக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டாள்.

"தலப்பா திரும்பக் கெடைச்சிருக்கும்" என்றாள் என் மனைவி.

எல்லவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் சொல்லிவிட்டார்கள். 1921-இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தை, இரும்பு சேர்க்காமல் கல்லும் செங்கலும் சீமெந்துமாகக் கட்டினார்கள் என்கிறார்கள். 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். பாலத்தைவிட அதன் மேல் நின்ற கூட்டம் நீளம். ஒரு ஜோடி என்னிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது. பணிவாக எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து அடுத்த ஜோடி வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வரிசை உண்டாயிற்று. அரசாங்க உத்தியோகத்தனின் முகத்தில் வரிசையை வரவழைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. நான் மதியச் சாப்பாட்டுக்காக விலகிப் போனபோது இரண்டு பேர் முணுமுணுத்தது எனக்கு மிகவும் பழக்கமான ஓசை.

சாப்பாடென்றால் எங்கள் ரொட்டிதான். பக்கத்துத் தேநீர்க் கடைப் பலகையில் ஒரு பொட் தேத்தண்ணியின் விலையை மனைவி இரண்டு தரம் வாசித்தாள். "எங்கம்மா வெடியக்காலையில பெரட்டுக்குப் போயி, நாள் பூரா மழயில நின்னு, ஒரு பேருக்கு இவ்வளவுதான் வாங்குனாங்க" என்றாள். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் கூலி. தோட்டத்துச் சனம் நாட்சம்பளம் 1,000 ரூபாய் கேட்டு வருடக்கணக்காகக் கத்தி, அது வர்த்தமானியில் ஏறியதே 2021 மார்ச்சில்தான். அதற்குள் ஆயிரம் ரூபாய் நோட்டு மெலிந்துவிட்டது. மேற்கொண்டு விளக்கவேண்டாமென்று பிளாஸ்க்கைத் திறந்தேன். கச்சான் காற்று அடிக்கும் பருவம். ஜூலை தொடங்கி செப்டெம்பர் வரை இந்தக் காய்ந்த காற்றில் வருகிற ஊவாத் தேயிலையின் மணத்துக்குத்தான் உலகச் சந்தையில் தனி மரியாதை. அந்தத் தேயிலை கப்பலேறிப் போய்விடும். எங்கள் பிளாஸ்க்கில் இருந்தது டஸ்ட். கட்டச்சம்பல் போத்தலின் மூடி எப்போதோ திறந்து, என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் செவ்வாய்க்கிழமை முருகன் கோயில் நிறத்துக்கு வந்திருந்தன.

எல்லவிலிருந்து பண்டாரவளை, பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளை, எல்லாம் பஸ். பஸ்ஸின் முன் இரண்டு சீட் மதகுருமாருக்கு என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். மீதிச் சீட்டெல்லாம் உலகத்தாருக்கு. உலகத்தார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர், "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று முன்னுக்குப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போனேன். பை வரவில்லை. திரும்பினால் பின்னாலிருந்தவர் மூக்கில் அடித்தது. மன்னிப்புக் கேட்கத் திரும்பினால் முன்னாலிருந்தவர் மூக்கில் அடித்தது. ஹப்புத்தளைவரை அசையாமல் நின்று, மலைமுகட்டின் இரண்டு பக்கமும் தெரிகிற அந்தப் புகழ்பெற்ற காட்சிக்குப் பதிலாக, ஒரு பாடசாலை மாணவனின் காலரில் தைத்திருந்த சலவைக் குறியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஹப்புத்தளையில் மகள் ஓர் அறையைப் போனில் பார்த்து வைத்திருந்தாள். முதலில் தம்பேதன்னைக்குப் போகும் பஸ்ஸை ஒரு தரம் ஏறிப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஏறினோம். பயணம் என் கையைவிட்டுப் போனது அந்த பஸ்ஸில்தான். பக்கத்தில் மரக்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, என் மனைவியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மலைநாட்டில் யாரும் தப்ப முடியாத அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீங்க எந்தத் தோட்டம்?"

"நாங்க பதுள டவுனுங்க" என்றேன், பெருமையாக.

"சரி. டவுனுக்கு முன்னுக்கு எந்தத் தோட்டம்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். மனைவி சொன்னாள், அம்மா மடுல்சீமைப் பக்கம் என்று. மடுல்சீமையில் யார்? இன்னார். இன்னாருடைய தங்கச்சி பூனாகலையில் கட்டிக்கொடுத்திருந்ததே, அவளா? அவள் இல்லை, அவளுடைய நாத்தனார். பஸ் ஐந்தாறு வளைவு திரும்புவதற்குள், அந்த அம்மாவின் மகன், என் மனைவியின் சித்தப்பா மருமகளுக்கு அண்ணன்முறை என்று நிலைநாட்டப்பட்டது. எனக்கு அந்த மகன் என்ன முறை என்பதில் மட்டும் கொஞ்சம் இழுபறி. முடிவில் "தம்பி" என்று தற்காலிகமாக நியமித்தார்கள்.

அறை ரத்தாயிற்று. அந்த அம்மாவின் லயத்துக்குப் போனோம். வெள்ளைக்காரர் நூறு வீட்டைக் கடந்தாலும் அவரை யாரும் சாப்பிடச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் அவரால் நாடு சுற்ற முடிகிறது. நாங்கள் எட்டுக் காம்பராவையும் கடக்க ராத்திரியாகிவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பாட்டி, ஒரு பிளேன்டீ, ஒரு கேள்வி. ஆறாவது கோப்பையில் மகன் என் காதில், "அப்பா, பாத்ரூம் எங்க?" என்று கேட்டான். என்னிடம் டெப்லட் இல்லை. பிஸ்கட் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பையைவிட்டு வெளியேறின. அந்த இடத்தில் அவகாடோ, பலாக்கொட்டை, ஒரு முழுப் பூசணி, யாரோ தலைதீபாவளிக்கு வாங்கிய புதுத் துவாய் எல்லாம் ஏறின. வீட்டுக்காரர் தன் கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டார். வேண்டாமென்று நான் இரண்டு தரம் சொன்னேன். முதுகு என்னை மூன்றாம் தரம் சொல்லவிடவில்லை.

விடியற்காலையில் லிப்டன் சீட்டுக்கு ஏறினோம். தம்பேதன்னைத் தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீட்டர் ஏற்றம். தொழிற்சாலை 1890-இல் தோமஸ் லிப்டன் கட்டியது. கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை வைத்து முன்னேறிய மனுஷன் இந்த உச்சியில் வந்து உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்ப்பாராம். வழியில் வேலைக்குப் போகும் பெண்கள் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டே எங்களைக் கடந்தார்கள். ஒரு பாட்டி நின்று, "ஐயா, சொகமில்லியா?" என்று விசாரித்தார். வாசல் வாசலாக மனைவிக்கு விடைகொடுக்க நேரமானதால் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி வந்துவிட்டது. காட்சி என்று எதுவுமில்லை. லிப்டன் சிலை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். கடைசிவரை கல்யாணம் கட்டாதவர் என்று பேரெடுத்த மனுஷன் அவர். இந்த உச்சிக்கு நேரத்தோடு வந்து, ஒரு நாளும் யாரும் கூப்பிடாமல், வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "பூசணிய எங்க வச்சீங்க?" என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

மடுல்சீமை திட்டத்தில் இருக்கவில்லை. தம்பேதன்னை வரை போனவர்கள் பெற்ற தாயைப் பார்க்காமல் திரும்பினார்கள் என்ற செய்தி எங்களுக்கு முன்னே போய்விடும் என்பதால் போனோம். பதுளை, பசறை, அங்கிருந்து இன்னொரு பஸ். இந்தப் பக்கத்தில் சின்ன உலகமுடிவு என்று ஒரு விளிம்பு இருக்கிறது. கொழும்புப் பிள்ளைகள் கூடாரம் கட்டிப் படுக்க வருகிறார்கள். பஸ்ஸில் அவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். தகரக் கூரையும் பலகைச் சுவரும் இருக்கிற லயத்து வம்சத்தில் பிறந்துவிட்டு, நான் டவுனில் சீமெந்து வீடு கட்டக் கடன்பட்ட கதை அவர்களுக்கு எதற்கு.

மாமியார் பையைத்தான் முதலில் பார்த்தார். சுற்றி வந்தார். தூக்கிப் பார்த்தார். பிறகு அடுத்த காம்பராவிலிருந்து தராசைக் கொண்டுவரச் சொல்லி, கொக்கியில் மாட்டி நிறுத்தார்.

"இதுக்கு அரப்பேருதான் விழும் மாப்ள."

"சும்மா சொமக்கிறதுதானே மாமி, கொழுந்தா?"

"சொமைய தோளுல மாட்டுனா தள்ளாடத்தான் வேணும். தலைல கயித்தப் போடுங்க." மூங்கில் கூடையில் கிடந்த கயிற்றை அவிழ்த்து, கட்டார்ப் பையின் இரண்டு பக்கத்திலும் முடிந்து, ஒரு துணியை மடித்து என் உச்சந்தலையில் வைத்து, கயிற்றை அதன்மேல் ஏற்றினார். மச்சான் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பதினாறு நாடாவும் செய்யாத வேலையை அது செய்தது. பாரம் இறங்கிவிட்டது. மானமும் இறங்கிவிட்டது. மகள் வீடியோ எடுத்தாள். கூடாரப் பிள்ளைகளில் ஒருவன் வந்து, இந்த மாடல் எங்கே வாங்கலாம் என்று கேட்டான்.

மறுநாள் புறப்படும்போது மாமியாரும் சேலை மாற்றிக்கொண்டு நின்றார். கொழுந்து பறித்த காலத்தில் எத்தனையோ பேர் தன்னை நிறுத்திப் போட்டோ எடுத்தார்களாம், அந்த எல்லப் பாலத்தின் முன்னால் நின்று தானும் ஒரு போட்டோ எடுக்க வேண்டுமாம். கக்கத்தில் ஒரு சேவல். பேரப்பிள்ளைகளுக்கு அடித்துக் குழம்பு வைப்பதற்கு.

பஸ்ஸில் கண்டக்டர் சேவலைக் கண்டுவிட்டார். "குக்குளாட்ட டிக்கட்" என்றார். மாமியார் கொஞ்சமும் அசையாமல், சேவலின் தலையைச் சேலைத் தலைப்பால் மூடி, "மே அபே பபா" என்றார். எங்கள் வீட்டுக் குழந்தையாம். பஸ் சிரித்தது. குழந்தை கூவியது. நீண்ட வழக்குக்குப் பிறகு அரை டிக்கட் என்று தீர்ப்பாயிற்று. முன்னாலிருந்த பையன் ஒருவன் எழுந்து மாமியாருக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தான். அவர் சேவலை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். முழு டிக்கட் எடுத்த நான் தலையில் கயிற்றோடு கம்பியைப் பிடித்து நின்று வந்தேன். பசறையில் பக்கத்துச் சீட்டுக்காரர் இறங்கினார். உட்காரப் போனேன்.

"அது பைக்கு மாப்ள" என்றார் மாமியார்.